பழைய காரின் மின்சார அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஞ்சினைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டத் தெரிந்தவர்கள்கூட ஒயரிங் என்றால் கொஞ்சம் பின்வாங்குவார்கள். அதற்கு அவசியமே இல்லை. 1920களிலிருந்து 1960கள் வரை வந்த கார்களில் கணினி கிடையாது, சென்சார் கிடையாது. கரண்ட் எங்கிருந்து கிளம்பி எந்த வழியாகப் போய் எப்படித் திரும்பி வருகிறது என்பதை விரல் வைத்துத் தொடர்ந்து பார்த்துவிடலாம். இந்தக் கார்களில் வரும் மின்சாரக் கோளாறுகளில் பெரும்பாலானவை பாகம் கெட்டதால் வருவதல்ல, இணைப்பு கெட்டதால் வருபவை. பாகத்தை மாற்றும் முன் அளந்து பாருங்கள் என்பதைத்தான் கீழே உள்ள பதில்களில் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

பழைய காரின் மின்சார அமைப்பில் மொத்தம் என்னதான் இருக்கிறது?

பேட்டரி, அதை சார்ஜ் செய்யும் டைனமோ, டைனமோவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டி, எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார், பிளக்கில் ஸ்பார்க் வரவழைக்கும் இக்னிஷன் பகுதி, அப்புறம் விளக்கு, ஹாரன், வைப்பர், மீட்டர்கள். அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடாதபோது எல்லாவற்றுக்கும் கரண்ட் பேட்டரியிலிருந்து வருகிறது. எஞ்சின் போதுமான வேகத்தில் ஓடும்போது டைனமோ அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டு, மிச்சத்தை பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. "ஓடும்போது நன்றாக இருக்கிறது, ஆனால் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று ஒருவர் சொன்னால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது இதிலிருந்தே பாதி தெரிந்துவிடும்.

எர்த், எர்த் என்கிறார்களே, அது என்ன?

பேட்டரியின் ஒரு முனையிலிருந்து கிளம்பும் கரண்ட் மறுமுனைக்குத் திரும்பினால்தான் எதுவும் வேலை செய்யும். ஒவ்வொரு பல்புக்கும் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் என்று போட்டால் செலவும் எடையும் இரண்டு மடங்கு. அதனால் திரும்பி வரும் பாதையாக காரின் இரும்பு உடம்பையே வைத்துக்கொண்டார்கள். பேட்டரியின் ஒரு முனை தடித்த கேபிள் மூலம் சேசிஸில் போல்ட் செய்யப்பட்டிருக்கும். பல்பு ஹோல்டர், ஹாரன், டைனமோ எல்லாமே தாங்கள் உட்கார்ந்திருக்கும் இரும்பு வழியாகக் கரண்டைத் திருப்பி அனுப்புகின்றன.

சிக்கல் என்னவென்றால், அந்த இரும்புக்கு வயது 60, 70 ஆகியிருக்கும். போல்ட்டுக்கு அடியில் துரு பிடித்திருக்கும். காரை அழகாக மறுபெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் பெயிண்ட் கரண்டைக் கடத்தாது. புதிதாகப் பெயிண்ட் அடித்து வந்த காரில் ஹெட்லைட் மங்கலாகவும் இண்டிகேட்டர் தாறுமாறாகவும் இருப்பது சர்வசாதாரணம். எஞ்சின் வேறு ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரும் கடத்தாது. அதனால்தான் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்று இருக்கும். எஞ்சினை இறக்கி ஏற்றும்போது அதை மாட்ட மறந்துவிட்டால், செல்ஃப் மோட்டாரின் கரண்ட் திரும்ப வழி தேடி ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகப் பாயும். அவை சூடேறிப் புகைந்த கார்கள் நிறைய உண்டு. சோக் கேபிள் சூடாகிறது என்றால் கார்புரேட்டரைப் பார்க்காதீர்கள், எர்த் பட்டையைத் தேடுங்கள்.

என் கார் 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய ரப்பர் பெட்டி பேட்டரியாக இருந்தால் மேலே உள்ள மூடிகளை எண்ணுங்கள். ஒரு செல் சுமார் 2 வோல்ட், ஆக 3 மூடி என்றால் 6, 6 மூடி என்றால் 12. ஆனால் பேட்டரியை மட்டும் நம்ப வேண்டாம். நடுவில் யாராவது மாற்றியிருக்கலாம். பல்பின் அடிப்பாகம், காயில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தரும் சுருள்), செல்ஃப் மோட்டாரின் பெயர்த்தகடு ஆகியவற்றில் வோல்ட் பொறித்திருக்கும், அதையும் பாருங்கள். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் முதல் கார்களில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 12 ஆக்கியிருப்பார்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு 6 என்று முடிவுகட்டினால் தப்பாகிவிடும்.

பொதுவாகச் சொன்னால், அமெரிக்கக் கார்கள் 1955, 1956 வாக்கில் 6லிருந்து 12க்குப் போயின. ஃபோர்டு 1956 மாடலில் மாறியது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அமெரிக்கச் சந்தையில் 1967 மாடலில்தான் 12 ஆனது.

6 வோல்ட் காரை 12க்கு மாற்றிவிடலாமா?

மாற்றலாம், ஆனால் பெரும்பாலும் தேவையில்லை. 6 வோல்ட் கார் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிறது என்று புகார் சொல்பவர்களிடம், பேட்டரி கேபிளின் தடிமனைப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். அதே வேலையை 6 வோல்ட்டில் செய்ய இரண்டு மடங்கு கரண்ட் வேண்டும். இரண்டு மடங்கு கரண்ட் போக கேபிளும் தடிமனாக இருக்க வேண்டும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் 12 வோல்ட் கேபிளை வாங்கி 6 வோல்ட் காரில் போட்டுவிடுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. 6 வோல்ட் அமைப்பில் அரை வோல்ட் வழியில் தொலைந்தால் அது 8 சதவீதத்துக்கும் மேல். அதே அரை வோல்ட் 12 வோல்ட் காரில் சுமார் 4 சதவீதம்தான். சரியான கேபிள், சுத்தமான எர்த், நல்ல பேட்டரி மூன்றும் இருந்தால் 6 வோல்ட் கார் தயாரான நாளில் எப்படி ஸ்டார்ட் ஆனதோ அப்படியே ஆகும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பேட்டரியோடு முடியாது. பல்புகள் எல்லாம், காயில், டைனமோ, ரெகுலேட்டர், ஃபிளாஷர், ஹாரன், வைப்பர் மோட்டார், பெட்ரோல் மீட்டர் என்று ஒவ்வொன்றையும் கவனிக்க வேண்டும். ஒயரை மாற்ற வேண்டியதில்லை, ஏற்கெனவே தேவைக்கு மேல் தடிமனாகத்தான் இருக்கும். செல்ஃப் மோட்டாரைப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது ஓடும்தான், ஆனால் பற்சக்கரங்கள் மேல் விழும் அடி பலமாக இருக்கும்.

பாசிட்டிவ் எர்த் என்றால் என்ன? அது தப்பான ஒயரிங்கா?

தப்பே இல்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை சேசிஸில் இணைத்திருப்பார்கள், நெகட்டிவ் முனையிலிருந்து ஒயர்கள் கிளம்பும். 1930களின் நடுவிலிருந்து 1960களின் நடுப்பகுதி தாண்டியும் பிரிட்டிஷ் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான். அமெரிக்க ஃபோர்டும் 1955 வரை பாசிட்டிவ் எர்த். எம்ஜிபி 1967 கடைசியில் ஆல்டர்னேட்டருக்கு மாறியபோதுதான் நெகட்டிவ் எர்த் ஆனது.

விளக்குக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் இது எந்தப் பக்கமாக இருந்தாலும் ஒன்றுதான். வித்தியாசம் தெரியும் இடங்கள் வேறு: டைனமோ, காயில், அம்மீட்டர், அப்புறம் நீங்கள் புதிதாகப் பொருத்தும் எந்த மின்னணுப் பொருளும். இன்றைய ரேடியோவின் உலோகப் பெட்டி அதன் நெகட்டிவ் முனையோடு இணைந்திருக்கும். அதை பாசிட்டிவ் எர்த் காரின் டாஷ்போர்டில் திருகினால் நேராக ஷார்ட். போன் சார்ஜரும் அப்படித்தான், சாக்கெட்டில் அதன் பக்கவாட்டு உலோகம் பட்டாலே தலைகீழ் இணைப்பு.

பேட்டரியைத் தவறுதலாக முனை மாற்றி மாட்டிவிட்டேன். என்ன ஆகும்?

டைனமோ உள்ள கார் என்றால் உடனே கழற்றுங்கள், பெரும்பாலும் தப்பித்துவிடுவீர்கள். எஞ்சினை ஓட்டியிருந்தால் ரெகுலேட்டரின் காண்டாக்ட் முனைகள் கருகியிருக்கலாம், டைனமோவை மறுபடி போலரைஸ் செய்ய வேண்டியும் வரலாம். அது எப்படி என்று கீழே இருக்கிறது. ஆல்டர்னேட்டர் உள்ள கார் என்றால் உள்ளே இருக்கும் டயோடுகள் அந்தக் கணத்திலேயே போய்விடும்.

டைனமோவுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் என்ன வித்தியாசம்?

டைனமோவில் காந்தப்புலம் வெளிக்கூட்டில் நிற்கும், கரண்ட் உண்டாகும் சுருள் நடுவில் சுழலும். அப்படி உண்டாகும் முழுக் கரண்டையும் கம்யூட்டேட்டர் (சுருளோடு சேர்ந்து சுழலும் செம்புத் தகட்டு வளையம்), அதை உரசி நிற்கும் கார்பன் பிரஷ் வழியாக வெளியே எடுக்க வேண்டும். ஆல்டர்னேட்டரில் தலைகீழ்: காந்தம் சுழலும், கரண்ட் தரும் சுருள் அசையாமல் நிற்கும், மாறுதிசைக் கரண்டை டயோடுகள் நேர்திசையாக மாற்றித் தரும். பிரஷ் வழியாகப் போவது சின்ன கரண்ட்தான். அதனால் அதை வேகமாகச் சுற்றலாம், ஐடிலிங்கிலேயே சார்ஜ் கிடைக்கும்.

டைனமோ ஐடிலிங்கில் அநேகமாக ஒன்றும் தராது. பிரிட்டிஷ் மின்பாக நிறுவனமான லூகாஸின் சி40 டைனமோ முழு வேகத்தில் தருவது சுமார் 22 ஆம்பியர். இரவில் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் மூன்றையும் போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்து போனால் பேட்டரி இறங்கத்தான் செய்யும். அது கோளாறு அல்ல, அந்த அமைப்பின் இயல்பு.

ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உட்காரும் பகுதிக்கும் இடையே உள்ள தடுப்பில்) இருக்கும் கருப்புப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

அதுதான் ரெகுலேட்டர் பெட்டி. கட்அவுட் என்றும் சொல்வார்கள், ஆனால் கட்அவுட் என்பது அதற்குள் இருக்கும் ஒரு பாதி. லூகாஸ் ஆர்பி106 போன்ற பெட்டியைத் திறந்தால் இரண்டு சுருள்கள் நிற்கும்.

ஒன்று கட்அவுட். டைனமோவின் வோல்டேஜ் பேட்டரியைவிட மேலே ஏறியதும் இது டைனமோவை பேட்டரியோடு சேர்க்கும், இறங்கியதும் பிரித்துவிடும். இது இல்லாவிட்டால் எஞ்சினை நிறுத்தியதும் பேட்டரி டைனமோவை மோட்டாராக எண்ணிச் சுற்றப் பார்க்கும். பெல்ட் பிடித்திருப்பதால் சுற்ற முடியாது, சுருள் சூடேறிக் கருகும். கட்அவுட் முனை ஒட்டிக்கொண்டால் நடப்பது இதுவே. காரை நிறுத்திய பிறகு டைனமோ சூடாகவே இருக்கிறது, புகை வருகிறது என்றால் யோசிக்காமல் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

மற்றது வோல்டேஜ் ரெகுலேட்டர். டைனமோவின் வோல்டேஜ் எல்லை தாண்டும்போது ஃபீல்டு சுருளுக்கு, அதாவது காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருளுக்குப் போகும் கரண்டின் வழியில் ஒரு மின்தடையை நுழைத்துக் குறைக்கும், இறங்கியதும் எடுத்துவிடும். இதை நொடிக்குப் பல முறை செய்யும். பெட்டியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட்டினால் அந்தத் தகடு அதிர்வதை நெருக்கமாகக் காதுகொடுத்துக் கேட்கலாம், மெல்லிய ரீங்காரம் வரும். அமெரிக்கக் கார்களிலும் பின்னால் வந்த லூகாஸ் ஆர்பி340லும் மூன்றாவது சுருள் ஒன்று உண்டு, கரண்டின் அளவைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை.

இதில் இருக்கும் திருகுகளைச் சும்மா திருகிப் பார்க்காதீர்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதலில் கைவைப்பது இங்கேதான், கடைசியில் கைவைக்க வேண்டிய இடமும் இதுதான். காண்டாக்ட் முனைகளைச் சுத்தம் செய்யலாம். அளவை மாற்றுவதற்கு அந்தக் காரின் ஒர்க்ஷாப் மேனுவலும் நல்ல வோல்ட்மீட்டரும் கையில் இருக்க வேண்டும்.

டாஷ்போர்டில் எரியும் சிவப்பு இக்னிஷன் விளக்கு எதைச் சொல்கிறது?

அந்த பல்பின் ஒரு பக்கம் பேட்டரி வோல்டேஜ், மறுபக்கம் டைனமோ வோல்டேஜ். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் எரியும், சமமானால் அணையும். சாவியைப் போட்டதும் டைனமோ சும்மா நிற்பதால் நன்றாக எரியும். எஞ்சின் வேகம் கூடக்கூட மங்கி அணையும். ஐடிலிங்கில் லேசாக மினுக்கினால் கவலைப்படாதீர்கள். நல்ல வேகத்திலும் மெல்லிய ஒளி மிச்சமிருந்தால் கட்அவுட் முனையிலோ வழியிலுள்ள இணைப்பிலோ வோல்டேஜ் தொலைகிறது என்று பொருள். விளக்கு அணைந்துவிட்டது என்பதற்காக பேட்டரி முழுதாக சார்ஜ் ஆகிறது என்று அர்த்தமில்லை. டைனமோ காரில் இந்த பல்பு ஃபியூஸ் ஆனாலும் சார்ஜ் நிற்காது. பல ஆல்டர்னேட்டர் கார்களில் நின்றுவிடும், ஃபீல்டுக்கு முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது.

பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மல்டிமீட்டரை பேட்டரியின் இரு முனைகளில் வையுங்கள். எஞ்சின் ஓடாமல், சில மணி நேரம் சும்மா நின்றபின் முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 6 வோல்ட் பேட்டரி என்றால் 6.3. எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் சுமார் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும், 6 வோல்ட் காரில் 7க்குச் சற்று மேலே. ஏறவில்லை என்றால் ஃபேன் பெல்ட் தளர்வாக இருக்கிறதா பாருங்கள். அப்புறம் டைனமோவின் பின்னால் உள்ள இரண்டு ஒயர்களும் உறுதியாக இருக்கின்றனவா, கார்பன் பிரஷ் தேய்ந்து கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது டைனமோவைத் தனியாகச் சோதிப்பது. லூகாஸ் வகையில் டைனமோவிலுள்ள டி (கரண்ட் வெளிவருவது), எஃப் (ஃபீல்டு) இரண்டு ஒயர்களையும் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒரு சின்ன ஒயரால் ஒன்றாகச் சேருங்கள். மீட்டரை அந்த இணைப்புக்கும் எர்த்துக்கும் இடையே வைத்து எஞ்சினை மெதுவாக வேகமெடுக்க விடுங்கள். வோல்டேஜ் தடங்கலில்லாமல் மேலேறினால் டைனமோ நன்றாக இருக்கிறது, கோளாறு ரெகுலேட்டரிலோ ஒயரிலோ. 12 வோல்ட் டைனமோவை 20 வோல்ட் வரை போக விடாதீர்கள், இந்தச் சோதனையில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. எஞ்சினை உறுமவிடவும் வேண்டாம், ஆயிரம் சுற்று போதும். பல அமெரிக்க டைனமோக்களில் ஃபீல்டு இணைப்பு வேறு மாதிரி, அவற்றில் எஃப் முனையை எர்த் செய்துதான் இதே சோதனையைச் செய்வார்கள். எந்த வகை என்று தெரியாமல் இறங்க வேண்டாம்.

டைனமோவைப் போலரைஸ் செய்வது எதற்கு?

டைனமோவுக்குத் தனிக் காந்தம் இல்லை. அதன் இரும்பில் மிச்சமிருக்கும் கொஞ்சக் காந்தத்தை வைத்துக்கொண்டுதான் அது கரண்ட் உண்டாக்கத் தொடங்குகிறது. அந்த மிச்சக் காந்தம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் பாசிட்டிவும் நெகட்டிவும் அமையும். டைனமோவைப் பிரித்து வேலை பார்த்த பிறகு, நீண்ட நாள் சும்மா கிடந்த பிறகு, அல்லது எர்த்தை மாற்றிய பிறகு அந்தத் திசையைப் புதுப்பிக்க வேண்டும். லூகாஸ் டைனமோவில் எஃப் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரால் டைனமோவின் எஃப் முனையைச் சில தடவை சட்டென்று தொட்டு எடுத்தால் போதும், சின்ன பொறி பறக்கும். இங்கேயும் அமெரிக்க வகைகளுக்கு முறை வேறு.

12 வோல்ட்டிலிருந்து பிளக்கில் ஸ்பார்க் எப்படி வருகிறது?

அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் வகுத்த முறைதான் பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சின்ன காண்டாக்ட் ஜோடி) வைத்த கார்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. 1912 காடிலாக் காரில் எலெக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தவரும் அவரே. அதற்கு முன் கைப்பிடியைச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்தார்கள். ஃபோர்டு மாடல் டியில் ஸ்பார்க்குக்கான கரண்ட் ஃபிளைவீலோடு சேர்ந்த மேக்னட்டோ என்ற காந்த ஜெனரேட்டரிலிருந்து வந்தது. 1919இல்தான் அதற்குச் செல்ஃப் கிடைத்தது.

சரி, காயிலுக்கு வருவோம். அதற்குள் ஒரே இரும்பு மேல் இரண்டு சுருள்கள். தடித்த ஒயர் சில நூறு சுற்று, மெல்லிய ஒயர் பல ஆயிரம் சுற்று. பாயிண்ட் மூடியிருக்கும்போது தடித்த சுருள் வழியாகச் சுமார் 4 ஆம்பியர் ஓடி இரும்பைக் காந்தமாக்கும். பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேம் பாயிண்ட்டைத் திறந்ததும் கரண்ட் அறுந்து காந்தம் சட்டென்று சரியும். அந்தச் சரிவு மெல்லிய சுருளில் 10,000, 20,000 வோல்ட்டை எழுப்பிவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் அதை முறை வந்த பிளக்குக்கு அனுப்பும்.

ஸ்பார்க் வருவது பாயிண்ட் மூடும்போது அல்ல, திறக்கும்போது. டைமிங் வைக்கும்போது இதை மறக்கக் கூடாது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் இந்த மூடித் திறக்கும் வேலை நொடிக்கு 100 முறை நடக்கிறது. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி பொதுவாக 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இவ்வளவு சின்ன இடைவெளி தேய்ந்து மாறினால் டைமிங்கும் மாறும், காயில் காந்தமாகும் நேரமும் மாறும்.

பாயிண்ட் அடிக்கடி கருகுகிறது, ஏன்?

கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். பாயிண்ட் திறக்கும் கணத்தில் கரண்ட் அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாயப் பார்க்கும். அதை உள்வாங்கிக்கொள்வது கண்டென்சர். அது போய்விட்டால் பாயிண்ட்டில் நீலப் பொறி தெறிக்கும், பிளக்கில் ஸ்பார்க் பலவீனமாகும். பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். வேலை செய்துகொண்டிருந்த பழைய கண்டென்சர், இன்று வரும் சில புதியவற்றைவிட நம்பகமானது என்பது என் கருத்து.

காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பாலாஸ்ட் மின்தடையும் காரணமாகலாம். சுமார் 1.5 ஓம் உள்ள காயில் வெளியே ஒரு பாலாஸ்ட்டோடு சேர்ந்து ஓடவே செய்யப்பட்டது. அதை பாலாஸ்ட் இல்லாத காரில் மாட்டினால் கரண்ட் இரட்டிப்பாகி பாயிண்ட் கருகும், காயிலும் கொதிக்கும். காயில் வாங்கும்போது ஓம் அளவை மீட்டரில் பார்த்துவிடுங்கள். பாலாஸ்ட் இல்லாத 12 வோல்ட் காருக்கு 3 ஓம் இருக்க வேண்டும்.

எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவிட்டால்?

பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் தொடர்ந்து சூடேறிக்கொண்டே இருக்கும், கெட்டும் போகலாம். ரேடியோ கேட்பதற்காக சாவியைத் திருப்பிவிட்டு உட்காரும் பழக்கம் இந்தக் கார்களுக்கு ஒத்துவராது.

செல்ஃப் அடித்தால் "டிக்" என்று சத்தம் மட்டும் வருகிறது. மோட்டார் போய்விட்டதா?

அவசரப்படாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். விளக்கு அப்படியே பளிச்சென்று எரிந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகவே இல்லை, சோலினாய்டையோ (மோட்டாருக்குக் கரண்டைச் சேர்க்கும் காந்தச் சுவிட்ச்) செல்ஃப் சுவிட்சையோ பாருங்கள். விளக்கு சுத்தமாக அணைந்துவிட்டால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பூத்துப்போயிருக்கிறது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அழுக்குப் பிடித்த ஒரு டெர்மினலில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே தொலையும். டெர்மினலைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கமாக மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். முதலில் வாசலின் தடவிவிட்டு மாட்டுவது வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 12 வோல்ட் காரில் 9.6க்குக் கீழே போனால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும்.

மோட்டார் மட்டும் வேகமாகச் சுற்றி எஞ்சின் சுற்றவில்லை என்றால் மோட்டாரை எஞ்சினோடு கோக்கும் பெண்டிக்ஸ் பற்சக்கரம் தண்டில் அழுக்கு பிடித்துச் சிக்கியிருக்கும். அங்கே எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து இன்னும் சிக்கும்.

ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது. அதிக வாட் பல்பு போடலாமா?

வேண்டாம், முதலில் அளந்து பாருங்கள். இழை பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஒளி சுமார் 30 சதவீதம் குறையும். அதிக வாட் பல்பு போட்டால் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் வழியில் தொலையும் வோல்டேஜும் கூடும், பழைய சுவிட்ச் சூடேறும்.

விளக்கு எரியும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை பல்பு ஹோல்டரின் உலோகத்திலும் வையுங்கள். அங்கே பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அடுத்து பேட்டரியின் மறுமுனைக்கும் பல்புக்குக் கரண்ட் வரும் முனைக்கும் இடையே அளங்கள். இங்கே அதிகமாகக் காட்டினால் சுவிட்ச், ஃபியூஸ், இணைப்பு என்று ஒவ்வொன்றாக நடுவில் மீட்டரை வைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தைத் தாண்டும்போது வோல்ட் எகிறுகிறதோ அதுதான் குற்றவாளி. விளக்கை அணைத்துவிட்டு அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் காட்டும், ஏனென்றால் கரண்ட் ஓடாதபோது தடை எதையும் தின்பதில்லை.

சுத்தம் செய்தும் போதவில்லை என்றால் ரிலே வையுங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி ஒயர் நேராக ஹெட்லைட்டுக்குப் போகும், பழைய சுவிட்ச் ரிலேவை மட்டும் இயக்கும். வேண்டாம் என்றால் நாளைக்கே கழற்றிவிடலாம், காரின் அசல் ஒயரிங்குக்கு ஒன்றும் ஆகாது.

மொத்தமே இரண்டு ஃபியூஸ்தான் இருக்கிறது. அது போதுமா?

தயாரித்தவர்கள் போதும் என்று நினைத்தார்கள். பல பிரிட்டிஷ் கார்களில் ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் ஃபியூஸே கிடையாது, ஓட்டத்தில் சட்டென்று விளக்கோ எஞ்சினோ நின்றுவிடக் கூடாது என்ற எண்ணம். அம்மீட்டருக்குப் போகும் தடித்த ஒயர்களும் அப்படியே. காரின் செல்ஃப் தவிர்ந்த முழுக் கரண்டும் அந்த மீட்டரின் பின்பக்கத் திருகுகள் வழியாகப் போகிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் கைவிடும் முன் பேட்டரியைக் கழற்றியாக வேண்டும்.

லூகாஸ் கண்ணாடி ஃபியூஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதில் 35 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான், சுமார் 17. மற்ற வகை ஃபியூஸ்களில் எழுதியிருப்பது தாங்கும் அளவு. லூகாஸ் 35 இருந்த இடத்தில் மற்ற வகை 35ஐப் போட்டால் ஒயர் எரிந்த பிறகுதான் ஃபியூஸ் போகும்.

ஒயர் நிறங்களுக்கு ஏதாவது ஒழுங்கு உண்டா?

பிரிட்டிஷ் கார்களில் நல்ல ஒழுங்கு உண்டு. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேராக வருவது. வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதுவே ஃபியூஸ் தாண்டி வருவது. ஊதா எப்போதும் கரண்ட் உள்ளது, ஃபியூஸோடு. நீலம் ஹெட்லைட், சிவப்பு பக்க விளக்கும் பின்விளக்கும், கருப்பு எர்த். நடுவில் ஓடும் மெல்லிய கோடு கிளையைச் சொல்லும்: நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். பருத்தி நூல் உறை போட்ட ஒயர்களில் அழுக்கேறி எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரியும். கிளிப்புக்கு அடியில் மறைந்திருந்த இடத்தைப் பார்த்தால் அசல் நிறம் தெரியும்.

ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது. கசிவை எப்படிப் பிடிப்பது?

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கதவையும் மூடிவிட்டு பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே ஒரு டெஸ்ட் லேம்ப்பை வையுங்கள். கடிகாரம் இல்லாத பழைய காரில் அது எரியவே கூடாது. எரிந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுங்கள், பிறகு ஃபியூஸ் இல்லாத ஒயர்களை. கட்அவுட், டிக்கிக்குள் அணையாத விளக்கு, முன்னாள் உரிமையாளர் எப்போதோ பொருத்திய ஏதாவது ஒன்று என்று இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் முடியும்.

இண்டிகேட்டருக்கு எல்இடி பல்பு போட்டதும் சிமிட்டுவது நின்றுவிட்டது.

பழைய ஃபிளாஷர் வெப்பத்தால் வேலை செய்வது. இரண்டு 21 வாட் பல்புகள் இழுக்கும் கரண்ட்டில் உள்ளே சூடேறினால்தான் காண்டாக்ட் திறந்து மூடும். எல்இடி இழுக்கும் சில வாட்டில் அது சூடாகாது. எல்இடிக்கான மின்னணு ஃபிளாஷர் போடுங்கள், பாசிட்டிவ் எர்த் கார் என்றால் அதற்கேற்றதாகக் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஒயரிங் முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?

ஒயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். ரப்பர் உறை விரிசல் விட்டு உதிர்ந்தால் தயங்காமல் முழு ஹார்னஸையும் (ஒயர்க்கட்டை) மாற்றுங்கள், அங்கே டேப் சுற்றி ஒப்பேற்றுவது தீக்கு அழைப்பு. பின்னால் வந்த பிவிசி ஒயர் வளைந்துகொடுத்தால் ஒயரை விட்டுவிட்டு முனைகளை மட்டும் கவனியுங்கள். செம்பு கருத்திருந்தால் நல்ல செம்பு வரும்வரை வெட்டிப் புது லக் போடுங்கள். உலோகத் துளைகளுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் குரோமெட் (ஒயரைக் காக்கும் வளையம்) இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். குரோமெட் உதிர்ந்த துளையின் விளிம்பு, அதிர்வில் ஒயரின் உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும்.

வேலை தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

எப்போதும் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவ் எர்த் காரில் அது பாசிட்டிவ் கேபிள், நிறத்தைப் பார்க்காமல் எது சேசிஸுக்குப் போகிறது என்று பாருங்கள். எர்த்தை முதலில் கழற்றிவிட்டால் மறுமுனையில் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. வரிசை மாறினால் ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பொறி கூடாது. மோதிரம், உலோகப் பட்டை வைத்த கடிகாரம் இரண்டையும் கழற்றி வையுங்கள். கையில் ஒரு மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், முதலை கிளிப் வைத்த இரண்டு ஒயர், அந்தக் காரின் ஒயரிங் படம் இவ்வளவு போதும். படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, நீங்கள் சோதிக்கும் சர்க்யூட்டை மட்டும் வண்ணப் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் கண்ணிலிருந்து விலகிவிடும்.

காரை நீண்ட நாள் நிறுத்தி வைப்பவர்கள் எர்த் கேபிளில் ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் போட்டுவிடலாம். செல்ஃப் கரண்டைத் தாங்கும் தரமான சுவிட்சாக இருக்கட்டும், மட்டமானது அங்கேயே வோல்டேஜைத் தின்னும்.